தகுதிகாண் பருவம்

கல்லூரியில் முதல் நாள் ஒவ்வொருவரையும் எழுந்து நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்வார்கள். செல்ஃப் இன்ட்ரோ என்று அதற்குப் பெயர். பெயர், ஊர், படித்த பள்ளி, அப்பா என்ன வேலை செய்கிறார், எதிர்காலத்தில் என்ன ஆக ஆசை. ஐந்தையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எனக்கு முந்தைய பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் தோழி எழுந்து பெயரைச் சொன்னாள். ஊர் பாகலூர் என்றாள். "அது தமிழ்நாடா, கர்நாடகாவா?" என்று பின்னாலிருந்து ஒரு பையன் கேட்டான். வகுப்பு சிரித்தது. அதற்குப் பிறகு அவள் அடுத்த வாக்கியத்துக்குப் போகவில்லை. மேசையைப் பார்த்தபடியே நின்றாள். ஆசிரியை அன்பானவர்தான். "பரவாயில்ல, உக்காரும்மா. கூச்ச சுபாவம் போல" என்றார்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-ஆம் வருடம் அது. அவளும் நானும் பாகலூரிலிருந்து ஓசூருக்கு ஒரே பஸ்ஸில் போய்வந்தோம். இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் அவள் வரவில்லை. அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. பள்ளியில் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. ஏன் நின்றுவிட்டாள் என்று யாராவது கேட்டால், "அவ ரொம்பப் பயந்த சுபாவம், தாக்குப்பிடிக்க முடியல" என்று நானே பல வருடங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் அந்தப் பதிலை மறுத்துக் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

இன்று நானும் முதலாண்டு மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் நான்கைந்து பேர் அவளைப்போலவே மேசையைப் பார்த்து நிற்கிறார்கள். அவர்களைப் பற்றி ஆசிரியர் அறையில் நாங்கள் பயன்படுத்தும் சொல்லும் மாறவில்லை: சுபாவம். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியது. முதலாண்டு மாணவியின் பதற்றத்தை நமது வரவேற்புக் கூட்டங்களும், சாதனைப் பெண்களைப் பற்றி நாம் சொல்லும் கதைகளும், சினிமாவும் எப்படி வாசிக்கின்றன, எதை வாசிக்காமல் தாண்டிப்போகின்றன என்று பார்க்க விரும்புகிறேன். அவளுடைய பயம் அவள் மனத்தில் பிறந்த கோளாறு இல்லை என்பதும், தன் நிலைமையைப் பற்றி அவள் வைத்திருக்கும் மிகச் சரியான கணக்கு அது என்பதும் என் கட்சி.

*

பெண்ணின் பயத்துக்குத் தமிழில் நீண்ட மரியாதை உண்டு. அச்சம், நாணம், மடம் மூன்றையும் பெண்ணுக்குரியவையாகத் தொல்காப்பியமே வகுத்துவிட்டது. பிறகு பயிர்ப்பையும் சேர்த்து நாற்குணம் ஆக்கிக்கொண்டோம். இதைப் படித்திராத வீடுகளிலும் இதுதான் சட்டம். எங்கள் வீட்டில் தெலுங்கு, அவள் வீட்டில் கன்னடம், பக்கத்து வீட்டில் தமிழ். மூன்று வீட்டிலும் பெண்பிள்ளையைப் பாராட்டும் வாக்கியம் ஒன்றுதான்: வாயே திறக்க மாட்டாள். பள்ளியிலும் அப்படியே. வகுப்புத் தலைவியைத் தேர்ந்தெடுக்கும்போது அமைதியான பெண்ணைத் தேடுவார்கள். கேள்வி கேட்பவளுக்கு 'வாயாடி' என்று பெயர் வரும். பன்னிரண்டு வருடங்கள் இந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவள்தான் ஜூன் மாதத்தில் கல்லூரிக்குள் வருகிறாள்.

வந்த முதல் வாரத்திலேயே அந்த மதிப்பெண் செல்லாது என்று அறிவிக்கப்படுகிறது. அமைதி இப்போது குறை. அதன் புதுப் பெயர், கம்யூனிகேஷன் ஸ்கில் இல்லை. நேற்றுவரை நல்ல குணமாக இருந்த ஒன்று இன்று சரிசெய்ய வேண்டிய பழுது. அதைவிட விநோதம், கல்லூரி இதைப் பழுது என்று சொன்னாலும் வீடு அதை இன்னும் நல்ல குணம் என்றே சொல்லிக்கொண்டிருப்பது. காலையில் ஒன்பது மணிக்கு அவள் துணிச்சலாகப் பேச வேண்டும். மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பும்போது அந்தத் துணிச்சல் குரலில் தெரியக் கூடாது. "காலேஜ் போனதும் வாய் நீண்டுடுச்சு" என்ற ஒரு பேச்சு போதும், படிப்பு கேள்விக்குறியாகிவிடும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு இடத்தில் அவள் தோற்க வேண்டும். இப்படி நிறுத்தப்பட்ட யாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

புதிதாக வரும் மாணவர்களுக்குத் தடுமாற்றம் இருக்கும் என்பதை உயர்கல்வி நிர்வாகம் உணராமல் இல்லை. பொறியியல் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. மூன்று வார அறிமுகப் பயிற்சியைக் கொண்டுவந்தது. மற்றக் கல்லூரிகளுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2019-இல் 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. பழகுதல், ஒன்றுதல், நெறிப்படுதல், அனுபவித்தல் என்று நான்கு படிகள் அதில் உண்டு. வெவ்வேறு பின்னணியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மூச்சுவிட நேரம் கொடுத்து, ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரு வழிகாட்டியைத் தர வேண்டும் என்ற அதன் எண்ணம் நல்ல எண்ணம். நடைமுறையில் நான் பார்த்தவை பெரும்பாலும் ஒரு மண்டபம், ஒரு மைக், ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர்.

அந்தப் பேச்சுக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. பயம் உன் மனத்தில்தான் இருக்கிறது என்று தொடங்கும். தோல்வியைக் கண்டு கலங்காத ஒரு பெரிய மனிதரின் கதை நடுவில் வரும். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று 'என்னால் முடியும்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். பேச்சாளரின் கற்பனையில் இருக்கும் மாணவர் யார் என்று கவனித்தால் விஷயம் தெரியும். அவருக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நேரம் கிடையாது. அவருடைய கைபேசியை அண்ணன் வாங்கிப் பார்ப்பதில்லை. அவர் தோற்றால் மறுபடியும் முயலலாம். பெண்பால் விகுதி போட்டுப் பேசினாலும், கதையின் நாயகன் பையன்தான். மறுமுயற்சி என்ற வசதி இருப்பவருக்கு மட்டுமே தோல்வி ஒரு பாடம். அது இல்லாதவளுக்குத் தோல்வி என்பது முடிவு.

*

என் தோழியின் கணக்கை இப்போது பார்க்கலாம். பாகலூர் ஓசூருக்கு வடக்கே, கர்நாடக எல்லையை ஒட்டி, மாலூர் போகும் சாலையில் இருக்கிறது. ரோஜாவும் காய்கறியும் விளைகிற மண். ஓசூர்ப் பக்கம் சிப்காட்டும், எல்லை தாண்டினால் அத்திப்பள்ளி, பொம்மசந்திரா என்று தொழிற்பேட்டைகளும். இப்படிப்பட்ட ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பெனி வேலை காத்திருக்கிறது. அன்று கார்மென்ட்ஸ் வேன் வந்தது. இன்று எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளின் பஸ் வருகிறது. டாடா எலக்ட்ரானிக்ஸ் போன்ற ஆலைகள் இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் எடுக்கின்றன, விடுதியும் தருகின்றன.

அந்த வேலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். எத்தனையோ பெண்களுக்குச் சொந்தக் கையில் முதன்முதலாகப் பணம் வந்தது அதனால்தான். ஆனால் கல்லூரிக்குப் போகும் பெண்ணை அது ஒரு தராசில் ஏற்றிவிடுகிறது. அவளோடு படித்தவள் முதல் மாதமே சம்பளத்தோடு வந்து அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறாள். இவளோ பஸ் பாஸுக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் கை நீட்டுகிறாள். பையன் படித்தால் அது முதலீடு. பெண் படித்தால் அது செலவு. இன்டர்னல் தேர்வில் குறைந்த ஒவ்வொரு மதிப்பெண்ணும் அந்தத் தராசின் மறுதட்டில் போய் உட்காரும்.

அடுத்து மொழி. எங்களில் பலருக்கு வீட்டுமொழி ஒன்று, பள்ளிமொழி வேறு. தெலுங்கு வழியில் படித்தவர்களும் எங்கள் பக்கம் இருந்தார்கள். கல்லூரிக்குள் நுழைந்ததும் மூன்றாவதாக ஆங்கிலம். மற்ற ஊர்களில் தமிழ்வழியில் படித்த பெண் ஒரு படி தாண்டினால் போதும், நாங்கள் இரண்டு தாண்ட வேண்டும். என் தோழி மனத்துக்குள் கன்னடத்தில் யோசித்து, தமிழுக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவதற்குள் கேள்வி அடுத்தவருக்குப் போயிருக்கும். மூன்று மொழி தெரிந்தவள் என்று அவளை யாரும் சொல்லவில்லை. பேசத் தெரியாதவள் என்றார்கள்.

பயண நேரமும் இந்தக் கணக்கில் உண்டு. கடைசி வகுப்பு முடிந்து பஸ் நிலையத்துக்கு ஓடினால்தான் குறிப்பிட்ட பஸ் கிடைக்கும். அதை விட்டால் இருட்டிவிடும். நூலகத்தில் ஒரு மணி நேரம் இருக்கலாமே என்று ஆசிரியர்கள் சொல்லும்போது, அந்த ஒரு மணி நேரத்தின் விலை அவர்களுக்குத் தெரிவதில்லை. கல்லூரிக் கழிப்பறை இருந்த நிலையில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருந்தோம். தலைவலியோடு மூன்று மணி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து, இவளுக்கு ஆர்வம் இல்லை என்று எழுதிவிடுவது சுலபம்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வாக்கியம் இருந்தது. அது எனக்குத் தெரியவே பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆனது. கல்லூரியில் சேர்க்கும்போது அவளுடைய அப்பா சொன்னாராம்: "ஒந்து வர்ஷ நோடோணா." ஒரு வருடம் பார்க்கலாம்.

*

அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்கு இந்த வாக்கியத்தின் அலுவலகப் பெயர் தெரியும்: தகுதிகாண் பருவம். இடம் கொடுத்தாயிற்று, ஆனால் நிரந்தரம் இல்லை. நடத்தையைப் பார்த்து உறுதி செய்வோம், இல்லாவிட்டால் அனுப்பிவிடுவோம். பெண்ணின் கல்லூரி முதலாண்டு பெரும்பாலான வீடுகளில் எழுதப்படாத தகுதிகாண் பருவம்தான். இது எழுத்துக்கு மிக அருகில் வந்த ஒரு சம்பவம் வரலாற்றில் உண்டு. பாகலூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பெங்களூரில் நடந்தது.

1933-இல் கமலா பகவத் என்ற இளம்பெண் இந்திய அறிவியல் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். திருமணத்துக்குப் பிறகு கமலா சோஹோனி என்று அறியப்பட்டவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்றுப் பட்டம் வாங்கியிருந்தார். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் அதே கழகத்தில் படித்த வேதியியலாளர்கள். கழகத்தின் இயக்குநராக இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சி.வி. ராமன். பெண் என்ற காரணத்தால் அவர் இடம் மறுத்தார். கமலா விடவில்லை, நேரில் போய்க் காரணம் கேட்டு நின்றார். கடைசியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதல் ஒரு வருடம் அவர் முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார், தகுதிகாண் நிலையில்தான் இருப்பார். வழிகாட்டி சொன்னால் இரவிலும் வேலை செய்ய வேண்டும். ஆய்வுக்கூடத்தின் சூழலை, அதாவது அங்கிருக்கும் ஆண்களின் கவனத்தை, அவர் கெடுக்கக் கூடாது.

வருட முடிவில் அவருடைய வேலையில் ராமன் திருப்தி அடைந்தார். அதன் பிறகு பெண்களுக்கு அங்கே கதவு திறந்தது. கமலா கேம்பிரிட்ஜுக்குப் போய் 1939-இல் முனைவர் பட்டம் பெற்றார். மகளிர் தினக் கூட்டங்களில் இந்தக் கதை இப்போது அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்லும் விதம் எப்போதும் ஒன்றுதான்: தடை வந்தது, அவர் கலங்கவில்லை, வென்றார், நீங்களும் வெல்லலாம். வென்றதால் நிபந்தனைகள் ஒரு சுவையான முன்கதையாகச் சுருங்கிவிடுகின்றன. கமலா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வயதான காலத்திலும் அதை அவமானமாகவே நினைவுகூர்ந்தார். நாம்தான் அவருடைய அவமானத்தை நமக்கு ஊக்க மருந்தாக மாற்றிக்கொண்டோம்.

அந்த மூன்றாவது நிபந்தனையை நின்று வாசிக்க வேண்டும். ஆண்களின் கவனம் சிதறினால் தண்டனை கமலாவுக்கு. பிறர் நடத்தைக்கும் அவரே பொறுப்பு. எங்கள் பக்கத்து வீடுகளில் கல்லூரிக்கு அனுப்பும்போது சொல்லும் புத்தியும் இதேதான்: உன்னால ஒரு பேச்சு வரக் கூடாது. பஸ்ஸில் யாரோ ஒருவன் தொந்தரவு செய்கிறான் என்று வீட்டில் சொன்னால், அவன் நிறுத்தப்படமாட்டான், அவள் படிப்புதான் நிறுத்தப்படும். எனவே அவள் சொல்லமாட்டாள். வகுப்பில் பேசாத பெண்ணைப் பற்றி நாம் கவலைப்படுகிறோம். அவள் வீட்டிலும் பேச முடியாத ஒன்றைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது நமக்குத் தெரிவதில்லை.

கமலாவின் நிலைமையில் ஒரே ஒரு நல்ல விஷயம், நிபந்தனைகள் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தன. எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது, எப்போது முடியும் என்று அறிந்திருந்தார். வகுப்பிலும் வீட்டிலும் இருந்தவர்கள் தன்னை எதற்காக எடைபோடுகிறார்கள் என்று என் தோழிக்கு யாரும் சொல்லவில்லை. அவளே ஊகிக்க வேண்டியிருந்தது. நாள் முழுக்க இப்படி ஊகித்துக்கொண்டிருப்பதற்குத்தான் நாம் பதற்றம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இந்த ஊகத்துக்கு ஒரு விலை உண்டு. வர்ஜீனியா வுல்ஃப் 1928-இல் கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளில் பேசிய பேச்சுகள் அடுத்த வருடம் 'தனக்கென்று ஓர் அறை' என்ற நூலாயின. அதில் வரும் பெண் ஏதோ யோசித்தபடி புல்வெளியில் நடக்கிறாள். காவலாள் ஓடிவந்து விரட்டுகிறான், அது ஆண்களுக்கான புல்வெளி. நூலகத்திலும் துணையோ சிபாரிசுக் கடிதமோ இல்லாமல் நுழைய முடியாது. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும். வுல்ஃப் கவனிக்கச் சொல்வது, விரட்டப்பட்ட அந்த நொடியில் அவள் யோசித்துக்கொண்டிருந்த விஷயம் கைநழுவிப் போவதை. பதற்றம் பெண்ணிடமிருந்து எடுத்துக்கொள்வது தன்னம்பிக்கையை மட்டும் என்று நினைக்கிறோம். அது அவளுடைய யோசனையை எடுத்துக்கொள்கிறது. என் தோழிக்குக் கணக்கில் இருந்த வேகம் அந்த வருடம் எங்கே போனது என்று நான் கேட்டதே இல்லை.

*

தமிழ் சினிமாவில் முதலாண்டு மாணவரின் பயத்தை மிகக் கௌரவமாகக் காட்டிய படம், மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018). திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் சேரும் பரியனுக்கு ஆங்கிலம் புரியவில்லை. வகுப்பில் அவமானப்படுகிறான். அவனுடைய தடுமாற்றம் சுபாவம் இல்லை என்பதைப் படம் ஒரு காட்சியிலும் மறக்கவிடுவதில்லை. அதற்குப் பின்னால் சாதி இருக்கிறது. நான் இந்தக் கட்டுரையில் செய்ய முயலும் வாசிப்பை, தலித் மாணவனின் விஷயத்தில் அந்தப் படம் ஏற்கெனவே செய்துவிட்டது. என் மாணவிகளுக்கு மிகப் பிடித்த படம் அது. ஆங்கிலம் புரியாத காட்சி வரும்போது, எங்கள் கதை என்று சொல்கிறார்கள்.

ஆனால் அவர்கள் தங்களைப் பார்ப்பது பரியனில்தான், ஜோவில் இல்லை. ஜோவும் முதலாண்டு மாணவி. அவளுக்குப் பயம் என்பதே இல்லை. அவள் பரியனுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறாள், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்கிறாள். அந்தக் கல்யாணத்தில் அவன் மீது விழும் அடி அவளுக்குத் தெரியாது. கடைசியில் பரியனும் ஜோவின் அப்பாவும் பேசுகிறார்கள். நடந்தது என்ன என்று அவளுக்குத் தெரியாமலே படம் முடிகிறது. அவளுடைய பயமின்மை, அவளுக்கு எதுவும் தெரிவிக்கப்படாததால் வந்தது. அவள் படிப்பும் தன் அப்பாவின் தகுதிகாண் பருவத்தில்தான் இருக்கிறது, அதுகூட அவளுக்குச் சொல்லப்படவில்லை. படம் இதை அறிந்தே வைத்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பரியன் உண்மையை மறைப்பது அவளைக் காப்பாற்றுவதற்காக. அப்படிக் காப்பாற்றப்படுவதன் மறுபக்கத்தை எழுதுவது அந்தப் படத்தின் வேலை இல்லை. அது நம் வேலை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பரியனின் அவமானம் வகுப்பறையில், எல்லோர் முன்னாலும் நடக்கிறது. அவன் கோபப்படுகிறான், எதிர்த்துக் கேட்கிறான். பொதுவில் கோபப்பட அவனும் விலை கொடுக்கிறான், ஆனால் கோபம் அவனுக்குச் சாத்தியமாக இருக்கிறது. பெண்ணுக்கு அதே அவமானம் நேரும்போது எங்கே போவாள்? பாமாவின் 'கருக்கு' (1992) இதற்குப் பதில் வைத்திருக்கிறது. கல்லூரியில் ஒரு விருந்து. எல்லோரும் பட்டுப்புடவை கட்டுகிறார்கள். அவரிடம் நல்ல சேலை இல்லை. விருந்து முடியும்வரை குளியலறைக்குள் ஒளிந்துகொள்கிறார்.

இதில் நான் கவனிப்பது, அது முதலாண்டில் நடக்கவில்லை, படிப்பின் கடைசி வருடத்தில் நடக்கிறது. போகப் போகச் சரியாகிவிடும் என்று முதலாண்டு மாணவிகளுக்கு நாம் ஆறுதல் சொல்கிறோம். காரணம் புதுமை என்றால் காலம் சரிசெய்யும். காரணம் சாதியும் வறுமையும் என்றால் மூன்று வருடம் ஆனாலும் கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை தேவைப்படும். பழகிக்கொள்வது என்று நாம் சொல்வது பல நேரம், ஒளிந்துகொள்ளச் சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான். எங்கள் கல்லூரியில் அது பெண்கள் ஓய்வறை. என் தோழி மதிய இடைவேளை முழுவதும் அங்கேதான் இருப்பாள். நான் கேன்டீனுக்குப் போய்விடுவேன். நான் மேலே வந்துவிட்டவள் என்பதில் எனக்கு அன்று ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

*

அப்படியானால் என்ன செய்வது என்று மாணவிகள் கேட்கிறார்கள். பயம் நியாயமானது என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியாது. பயத்தின் காரணங்களில் எவற்றை அகற்ற முடியும் என்று பார்ப்பதுதான் நேர்மையான பதில்.

நம் மாநிலத்தில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-இல் தொடங்கியது ஒரு திருமண உதவித் திட்டம். பெண் பத்தாம் வகுப்பு படித்திருந்தால் 25,000 ரூபாய், பட்டம் பெற்றிருந்தால் 50,000 ரூபாய் என்று உதவி வளர்ந்தது. தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது, 2016 முதல் 8 கிராம். பெண் படிக்க அது ஒரு தூண்டுதலாக இருந்ததை மறுக்க முடியாது. ஆனாலும் படிப்பின் பலன் கல்யாண மேடையில்தான் கைக்கு வந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடி, 1936-இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவரின் பெயரில் தாலித் தங்கம். 2022-இல் அதே பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டு, செப்டம்பர் 5 அன்று 'புதுமைப் பெண்' என்று தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, பட்டமோ பட்டயமோ முடிக்கும்வரை மாதம் 1,000 ரூபாய், அவளுடைய வங்கிக் கணக்கிலேயே வருகிறது.

ஆயிரம் ரூபாயில் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனிச் சம்பளம் அதைப்போலப் பல மடங்கு என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பணத்தின் இலக்கணத்தைக் கவனியுங்கள். அது 'ஒரு வருடம் பார்க்கலாம்' என்று சொல்வதில்லை, முடிக்கும்வரை என்கிறது. பரீட்சைக் கட்டணத்துக்குக் கை நீட்ட வேண்டியதில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டும் தன்னம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. ஆனாலும் இரண்டும் வந்த பிறகு என் வகுப்பில் பேசும் பெண்களின் குரலில் வேறுபாடு தெரிகிறது. குறைகளும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகப் பள்ளியில் சில வருடம் படித்துவிட்டு வந்த எங்கள் ஊர்ப் பெண் இந்தத் திட்டத்துக்குள் வரமாட்டாள். அவளுடைய வறுமைக்கு மாநில எல்லை தெரியாது, படிவத்துக்குத் தெரியும்.

வகுப்பறையில் என்னால் முடிந்தது சிறியது. முதல் நாள் செல்ஃப் இன்ட்ரோவை நிறுத்திவிட்டேன். அப்பா என்ன வேலை செய்கிறார் என்ற கேள்வியை எந்த நாளும் கேட்பதில்லை. முதல் மாதம் எந்த மொழியிலும் பதில் சொல்லலாம், எழுதியும் தரலாம் என்று வைத்திருக்கிறேன். கடைசி வகுப்பில் முக்கியமான பாடம் எடுப்பதில்லை, பஸ்ஸுக்கு ஓடுபவர்களைத் தடுப்பதில்லை. ஆசிரியர் அறையில் 'சுபாவம்' என்று யாராவது சொன்னால், அவள் எந்த ஊர், எந்த பஸ் என்று கேட்கிறேன். எரிச்சலூட்டுகிற வழக்கம் என்று என் சக ஆசிரியர்கள் நினைக்கலாம்.

இந்த வழக்கம் வந்ததற்குக் காரணம் என் தோழிதான். பல வருட இடைவெளிக்குப் பிறகு பாகலூர் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்வதாகச் சொன்னாள், அங்கே ஒரு லைனுக்குச் சூப்பர்வைசர். நாற்பது பேரிடம் வேலை வாங்குகிறாள், மூன்று மொழியிலும். பேச்சுவாக்கில்தான் அப்பாவின் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். "ரெண்டு அரியர் விழுந்துச்சில்ல, அன்னைக்கே எனக்குத் தெரியும். செகண்ட் செமஸ்டர் சும்மா வந்து போனேன்" என்றாள். பயம் என்ற சொல்லை அவள் பயன்படுத்தவே இல்லை. நான் அவளைப் பற்றிப் பல வருடம் சொல்லித் திரிந்ததை அவளிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதை இங்கேதான் எழுதுகிறேன்.

போன வருடம் அவள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள், அரசுப் பள்ளியில். எந்தக் கல்லூரி நல்லது என்று கேட்க என்னைத் தேடி வந்தாள். வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "ஒரு வருஷம் பாக்கலாம்னு சொன்னாரு" என்றாள். எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவளே தொடர்ந்தாள்: "டிகிரி மூணு வருஷம். மூணு வருஷத்துக்கும் சேத்து இப்பவே சரின்னு சொல்லு, இல்லன்னா சேக்கவே வேணாம்னுட்டேன். அரியர் விழுந்தா நான் கட்டிக்கறேன், என் சம்பளத்துல. ரெண்டு நாள் பேசல. அப்பறம் சரின்னுட்டாரு."

அந்தப் பெண் இப்போது முதலாண்டில் இருக்கிறாள். அதிகம் பேசுவதில்லை என்று அவள் அம்மா சொல்கிறாள். பேசாமல் இருக்கட்டும். அவளுக்கு மூன்று வருடம் இருக்கிறது.